திரும்பி வராத மின்சாரம்

பின்பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். இந்த வண்டியில் அது சோகை பிடித்ததுபோல் முனகுகிறது. கூடவே, சம்பந்தமே இல்லாமல் முன்பக்க இண்டிகேட்டர்கள் இரண்டும் மங்கலாக விழிக்கின்றன. ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்பும் கண் திறக்கிறது. காலை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடுகின்றன. வண்டிக்காரர் ஏற்கெனவே பிரேக் பல்பை மாற்றிவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று, இண்டிகேட்டரை அடிக்கவைக்கும் பிளாஷரை மாற்றினார். இன்னொருவர் சொன்னதற்காகப் பேட்டரியையும் மாற்றினார். வயரிங் கிட்டையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கும் கட்டத்தில்தான் வண்டி ஒரு நல்ல மெக்கானிக்கின் கைக்கு வருகிறது.

அவர் ஸ்பேனரைக்கூடத் தொடுவதில்லை. ஒரு முழ நீள வயரின் ஒரு முனையை டெயில் லைட்டின் எர்த் கம்பியில் வைக்கிறார். மறுமுனையை என்ஜினில் ஒரு போல்ட்டின் மேல் அழுத்துகிறார். "மிதிங்கண்ணே." பின்விளக்கு ரத்தச் சிவப்பாக எரிகிறது. முன்னால் இருந்த பேய்களைக் காணோம். குற்றவாளி, பின் மட்கார்டுக்கு அடியில் துருவேறிப்போன ஒற்றைத் திருகு.

இப்படியொரு வண்டியைப் பார்க்காத மெக்கானிக் அநேகமாக இருக்கமாட்டார். இதில் மந்திரம் ஏதுமில்லை. பள்ளிக்கூடத்து இயற்பியல் முழுதாக இதற்குள் இருக்கிறது.

பல்புக்கு மின்சாரம் 'வருகிறது' என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். வந்த மின்சாரம் திரும்பிப் போகவும் வேண்டும் என்பதைப் பேச்சு வழக்கு மறந்துவிடுகிறது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் கிளம்பி, சுவிட்ச் வழியாகப் பல்பின் இழையைக் கடந்து, நெகட்டிவ் முனைக்கு அது வந்து சேர்ந்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கட்டியவர்கள் இந்தத் திரும்பும் பாதைக்குத் தனித்தனி வயர் போடுவதைப் பெரும்பாலும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். வண்டியின் இரும்புச் சட்டமே பொது வயர். இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். டயர் ரப்பரில் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் உண்மையில் ஒரு தொடர்பும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1950களின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் இது தலைகீழாகவும் இருந்தது. பாசிட்டிவ் முனைதான் சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். பழைய வண்டி வாங்கி, வழக்கம்போல நெகட்டிவை எர்த்தில் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

அந்த பிரிட்டிஷ் வண்டிகளைப் பற்றி ஒரு பழைய கிண்டல் இருக்கிறது. அவற்றுக்கு மின்சாதனம் செய்துகொடுத்த ஜோசப் லூகாஸுக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். இந்த லூகாஸ் சென்னைக்காரர்களுக்கு அந்நியமல்ல. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையால் பாடியில் அந்தப் பெயர் ஊர்ப்பெயர் போலவே புழங்குகிறது. கிண்டல் கொஞ்சம் அநியாயமானது. மழையும் பனியுமாக இருக்கும் ஊரில், வர்ணம் பூசிய தகட்டின் மேல் திருகை முடுக்கி அதை எர்த் என்று நம்பினால், யார் செய்த விளக்காக இருந்தாலும் அணையத்தான் செய்யும்.

இனி அந்தப் பேய் விளக்குகளுக்கு வருவோம். பின்பக்கத்தில் டெயில் லைட், பிரேக் லைட், இரண்டு இண்டிகேட்டர்கள் ஆகிய நான்கு இழைகளின் திரும்பும் பாதையும் பெரும்பாலும் ஒரே எர்த் வயரில் போய்ச் சேர்கிறது. அந்த வயர் கழன்றால் நான்கும் ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்கின்றன. பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழை வழியாக வரும் மின்சாரம் முட்டுச்சந்தில் நின்று வேறு வழி தேடுகிறது. பின் இண்டிகேட்டர் பல்பு வழியாகப் பின்னோக்கி ஏறி, அதன் வயரைப் பிடித்து முன் இண்டிகேட்டருக்குப் போய், அங்கே நல்ல நிலையில் இருக்கும் எர்த்தில் இறங்கிவிடுகிறது. இன்னொரு கிளை டெயில் லைட் இழைக்குள் புகுந்து, அதே வயரில் தொங்கும் ஸ்பீடோமீட்டர் பல்பு வழியாக வெளியேறுகிறது. ஒரு பல்பு தின்ன வேண்டிய 12 வோல்ட்டை மூன்று பல்புகள் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் முழுதாக எரிவதில்லை.

அதனால்தான், செத்துப்போன விளக்கைவிட மங்கலாக எரியும் விளக்கு மெக்கானிக்குக்குப் பயனுள்ள சாட்சி. எரியாத விளக்கு எதையும் சொல்லாது. எரியக் கூடாத நேரத்தில் மினுங்கும் விளக்கோ, மின்சாரம் எந்தச் சந்து வழியாகத் தப்பிப் போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டிக்காரர் வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. அதை வைத்துப் பார்த்தபோது எல்லா இடத்திலும் 12.6 வோல்ட் காட்டியது. 'கரெண்ட் வருது, பல்புதான் போச்சு' என்று அவர் முடிவுகட்டியதற்கு அதுதான் காரணம். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மிகக் குறைவாக உண்ணும் விருந்தாளி. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை சுமார் 1 கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சொச்சம். வழியில் ஓர் இணைப்பு களிம்பேறி 10 ஓம் தடையாகக் கிடந்தாலும், இந்தத் துளி மின்னோட்டத்துக்கு அது ஒரு தடையே இல்லை. மீட்டரில் 12.6 அப்படியே நிற்கும்.

அதே இடத்தில் 35 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டினால் கதை மாறிவிடும். 12 வோல்ட்டில் எரியும்போது அந்த பல்பின் தடை சுமார் 4 ஓம்; அது கேட்பது 3 ஆம்பியர். வழியில் 10 ஓம் உட்கார்ந்திருந்தால், வோல்ட்டேஜில் முக்கால் பங்கை அந்தக் களிம்பே விழுங்கிவிடும். பல்புக்கு 3.6 வோல்ட்கூடத் தேறாது. வீட்டுக் குழாயில் யாரும் தண்ணீர் பிடிக்காதபோது மேல்தொட்டியின் அழுத்தம் முழுதாக நிற்கும். திறந்தால்தான் உள்ளே அடைப்பு இருப்பது தெரியும்.

மின்தடை, மின்னோட்டம், வோல்ட்டேஜ் மூன்றையும் ஒரே கணக்கில் கட்டியவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம். 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்பு கூடியது. அவருடைய விதியைப் படிக்காத மெக்கானிக்குகள்கூட அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், இரண்டு துண்டு வயர். அவ்வளவுதான் அவர்களுடைய 'டெஸ்ட் லேம்ப்'. சந்தேகப்படும் இடத்தில் அதைத் தொட்டால், உண்மையான சுமையை அந்த வயர் தாங்குகிறதா என்று பல்பின் வெளிச்சமே சொல்லிவிடும். விலை உயர்ந்த மீட்டர் தோற்கும் இடத்தில் இந்தச் சில்லறைச் சாமான் ஜெயிக்கிறது.

மீட்டரைச் சரியாகப் பயன்படுத்தவும் வழி உண்டு. விளக்கை எரியவிட்டுக்கொண்டே, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கம்பியையும் பல்பு ஹோல்டரின் எர்த்தில் மறுகம்பியையும் வைக்க வேண்டும். நல்ல வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ திருட்டு நடக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனைதான். அரை வோல்ட், ஒரு வோல்ட் எல்லாம் ஒரு கணக்கா என்று தோன்றலாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேராக ஏறி இறங்குவதில்லை. ஏறத்தாழ அதன் மூன்றரை மடிப்பெருக்கில் மாறும். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். இரவில் எதிரே வரும் லாரிக்கு முன்னால் அந்த 30 சதவீதம் என்னவென்று ஓட்டுபவருக்குத் தெரியும்.

பழைய 6 வோல்ட் வண்டிகளின் அழுகுணி வெளிச்சத்துக்கும் இதுதான் காரணம். அதே 35 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் இரட்டிப்பானால் அதே வயரில் வீணாவது நான்கு மடங்கு. ராஜ்தூத் ஓட்டிய பெரியவர்கள் ஹெட்லைட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசிக் கேட்டவர்கள் குறைவு.

அந்த 10 ஓம் எங்கிருந்து வருகிறது? செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்கு விடை தெரியும். செம்பும் பித்தளையும் ஈரக்காற்றில் பச்சையாகப் பூக்கும். அதற்குத் தமிழில் களிம்பு என்று அருமையான சொல் இருக்கிறது. உயிரோடு ஒட்டிப் பிறந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். களிம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. இரும்புத் துருவும் அப்படித்தான். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது. வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் புகுந்து வாரக்கணக்கில் தங்கிவிடும். கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பச்சை தெரியும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மறுபடி முடுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட்டால் அடுத்த மழையைத் தாங்கும். எர்த் திருகு என்றால் அது உட்காரும் இடத்து வர்ணத்தையும் சுரண்டி, இரும்பின் பளபளப்பைப் பார்த்துவிட வேண்டும்.

வயர் உள்ளுக்குள் அறுந்துபோவது வேறு ரகம். ஒரு மோட்டார் சைக்கிளில் வயர்களுக்கு அதிக வேலை வைக்கும் இடம் ஹேண்டில்பாரின் கழுத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் அங்கே வயர்க்கட்டு வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் அது இறுகி, முறுகி, ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். செம்பின் குணம் அது. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இரண்டாகக் கிடக்கும். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் எரியும், வலப்பக்கம் திருப்பினால் அணையும் விளக்கைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வயரை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார்த்தால், அறுந்த இடம் ரப்பர்போல நீளும்.

எலிகளை இங்கே சேர்க்காமல் விட்டால் நன்றாக இருக்காது. சீட்டுக்கு அடியில் கூடு கட்டுவதும், பல்லைத் தேய்த்துக்கொள்ள வயரைக் கடிப்பதும் அவற்றின் குடும்பத் தொழில்.

இனி விளக்கின் பிரேதப் பரிசோதனை. எரிந்துபோன பல்பைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. கண்ணாடியின் உள்பக்கம் பாலாகவோ மஞ்சளாகவோ படிந்திருந்தால் கண்ணாடியில் எங்கோ கீறல். காற்று புகுந்து டங்ஸ்டன் ஆக்ஸைடாகி ஒட்டியிருக்கிறது. கறுத்திருந்தால் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது: வயதாகியிருக்கலாம், வோல்ட்டேஜ் கூடியிருக்கலாம். இழை அறுந்த முனையில் குட்டி உருண்டையாக உருகியிருந்தால் சந்தேகம் வோல்ட்டேஜ் பக்கம் சாய்கிறது. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், சும்மா உருகாது. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் சுத்தமாக முறிந்திருந்தால் அதிர்வுதான் காரணம். ஹெட்லைட் டூமின் திருகு தளர்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது என்பதும் இந்த வகையறா எச்சரிக்கைதான். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அளவுக்கு மேல் சூடேறிப் பலவீனமாகிவிடும்.

பல்பு மாற்றியே அலுத்துப்போகிறவர்கள் தேட வேண்டியது ஆர்.ஆர். யூனிட் எனப்படும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரை. டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது: ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பிரகாசமாகும், சிக்னலில் நின்றால் அகல்விளக்காகிவிடும். அங்கே விளக்குக்கும் பேட்டரிக்கும் உறவு இல்லை. என்ஜினோடு சுற்றும் காந்தம், காயில் பிளேட்டில் உண்டாக்கும் மாறுதிசை மின்சாரம் நேரே பல்புக்குப் போகிறது. ஸ்பிளெண்டர் போன்ற பல வண்டிகளிலும் ஹெட்லைட் இந்த வழியில்தான் எரிந்தது. என்ஜின் வேகம் கூடக் கூட வோல்ட்டேஜும் ஏறும். மிஞ்சியதை எர்த்தில் தள்ளி, எல்லைக்குள் நிறுத்துவது ரெகுலேட்டரின் வேலை. அது பழுதானாலோ, அதன் எர்த் கழன்றாலோ, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் பல்புகள் வரிசையாகப் போகும். வோல்ட்டேஜ் வெறும் 5 சதவீதம் கூடினாலே இழை பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரெகுலேட்டர் இல்லாத பழைய மொபெடுகளில் இதைவிட வேடிக்கை: ஹெட்லைட் பல்பு போனதும் அதன் பங்கும் சேர்ந்து டெயில் லைட்டைத் தாக்கும், இரண்டு பல்பும் ஒரே இரவில் காலி.

இந்த வண்டிகளில் மீட்டரை டி.சி.யில் வைத்துச் சோதிக்கிறவர் பூஜ்யத்தைப் பார்த்துத் திகைப்பார். ஹெட்லைட் வயரில் ஏ.சி.யில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பேட்டரியில் டி.சி.: என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் சொச்சம், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரிடம் விசாரணை.

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும். அணைக்க சுவிட்ச் இல்லை. எதிரே வருபவரின் கண்ணில் வண்டி படுவதற்கான ஏற்பாடு. 'அண்ணே, லைட் ஆஃப் ஆகல, ஷார்ட் போல' என்று புது வண்டியோடு கடைக்கு வந்தவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். பகலெல்லாம் சூட்டில் வேகும் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறுவதை, பல்பு மாற்றும்போது ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

நிஜமான ஷார்ட்டைப் பிடிப்பது தனிக் கலை. ஃபியூஸ் போனதும் புது ஃபியூஸ். அதுவும் போனதும் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் என்பது நம் நாட்டு வழக்கம். அடுத்து எரிவது வயர்க்கட்டாகத்தான் இருக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். கைதேர்ந்தவர்கள் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டுவார்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 3 ஆம்பியருக்கு மேல் விடாது, எனவே எதுவும் கருகாது. இப்போது நிதானமாக வயர்க்கட்டை அங்கங்கே அசைத்து, கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கே இருக்கிறது திருடன்.

வயர் நிறத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை வயர் எர்த். கறுப்பு, சாவி போட்டால் உயிர்பெறும் பாசிட்டிவ். யமஹாவில் கறுப்புதான் எர்த். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் கறுப்பை எடுத்துச் சட்டத்தில் கட்டினால் ஃபியூஸ் சொல்லிக்கொடுக்கும்.

பாதி விடை வண்டியிலேயே இருக்கும் என்பதும் உண்மை. முன்பிரேக்கைப் பிடித்தால் விளக்கு எரிகிறது, பின்பிரேக்குக்கு எரியவில்லை என்றால் பல்பும் எர்த்தும் நிரபராதிகள். பெடலோடு ஸ்பிரிங்கில் கட்டிய சுவிட்சைப் பார்த்தால் போதும். அந்த சுவிட்ச் அளவுக்கு மேல் முடுக்கப்பட்டிருந்தால் நேர்மாறு: யாரும் மிதிக்காமலே பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கும். என்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் மறந்துவிட்டு உள்ளே போனால், 5 ஆம்பியர்-மணி பேட்டரியை அது மூன்று மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடும். டிம், பிரைட் இரண்டும் ஒன்றாகப் போயிருந்தால் இரண்டு இழைகளும் ஒரே நாளில் செத்திருக்கும் வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவான எர்த்தையோ ஹோல்டரையோ முதலில் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் எரிந்தால் டிப்பர் சுவிட்சையும் எரியாத இழையையும் பார்க்க வேண்டும்.

இப்போது கடைகளுக்கு வரும் புதுப் புதிர்கள் எல்.இ.டி. போட்டவர்களிடமிருந்து வருபவை. சென்னை ஜி.பி. ரோட்டில் ஆசையாக வாங்கிய நான்கு எல்.இ.டி. இண்டிகேட்டர்களை மாட்டுவார்கள்; சில வண்டிகளில் அவை துடிதுடியென்று வேகமாக அடிக்கும், சிலவற்றில் அடிக்கவே அடிக்காது. பழைய பிளாஷர், 10 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து இழுக்கும் 1.7 ஆம்பியரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. எல்.இ.டி. அதில் ஒரு சிறு பங்கைத்தான் கேட்கும். பல்பு ஒன்று ஃபியூஸ் போய்விட்டதாக பிளாஷர் நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கான பிளாஷரை வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

அப்படியும் தீராத ஒன்று உண்டு. இடப்பக்கம் போட்டால் நான்கு விளக்கும் சேர்ந்து அடிக்கும். காரணம், ஸ்பீடோமீட்டரில் இரண்டு பக்க இண்டிகேட்டர்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒற்றை பல்பு. அதற்கு எர்த்தே கிடையாது. ஒரு கால் இடப்பக்க வயரில், மறுகால் வலப்பக்க வயரில். இடப்பக்கம் போடும்போது அந்தச் சின்ன பல்பின் வழியாக வரும் மின்சாரம், அணைந்து கிடக்கும் வலப்பக்க பல்புகள் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் அந்த பல்புகள் ஒளிராமல் வெறும் வயர்போல வழி விடுகின்றன. சொந்தமாக எர்த் வயர் இல்லாமல், எதிர்ப்பக்கத்தையே எர்த்தாக வைத்துக்கொண்ட அந்தச் சிக்கனம் கெட்டிக்காரத்தனமானது. எல்.இ.டி.க்கோ அந்தத் துளி மின்சாரமே எரியப் போதும். மெக்கானிக் அந்த பல்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இண்டிகேட்டரைப் போடச் சொல்வார். இடப்பக்கம் மட்டும் அடிக்கும். பிறகு இரண்டு டயோடுகளை எடுத்து, பல்பின் ஒரு காலுக்கு இரண்டு பக்க வயர்களையும் டயோடு வழியாகக் கொடுத்து, மறுகாலை எர்த்தில் பற்றவைப்பார். அந்த எர்த் திருகின் அடியில் வர்ணத்தைச் சுரண்ட மறக்கமாட்டார்.